நிரலாசிரியர் இலக்கணம்

இக்காலத்து நம் மலைநாட்டு இளைஞர் பலரும் நாடும் தொழில்களுள் நிரலெழுதுந் தொழில் முன்னிற்கின்றது. கணிப்பொறி செய்யவேண்டுவனவற்றை அதற்கு விளங்கும் மொழியில் முறைப்பட வகுத்துரைக்கும் ஏவற்றொடரே நிரல் எனப்படும். 'புரோகிராம்' என யாவரும் வழங்குவதும் அதுவே. 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்பின் இலங்கையினின்று மீண்டோர் வழியில், தோட்டத்து லயன் வீடுகளிலே பிறந்து வளர்ந்த மாணவரும், சிறு தேயிலை நிலமுடைய படுகர் குடியினரும் இத்தொழில் நாடிக் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் செல்கின்றனர். பெற்றோர் கொழுந்து பறித்து ஈட்டிய பொருள் இப்படிப்பிற்குச் செலவாகின்றது. ஆதலின், இத்தொழிலிற் சிறந்தோர் யாவர், அவரைச் சிறப்பிப்பன யாவை என்னும் வினா வெறும் பொழுதுபோக்கு வினாவன்று. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய யாம் இதனை ஆராயப் புகுதல் சிலர்க்கு நகை விளைக்கலாம். நகுவோர் இறுதிவரை படித்தபின் நகுவாராக.

விடுதியில் மாலைப்பொழுதில் இதுபற்றி நிகழும் உரையாடல்களை யாம் பலகாற் கேட்டுள்ளோம். "அவனுக்கு ஏழு நிரல்மொழிகள் தெரியும்" என்பார் ஒருவர். "அவன் விரல்கள் விசைப்பலகையிற் பறக்கும்" என்பார் மற்றொருவர். "அவன் இராமுழுதும் உறங்கான்" என்பார் மூன்றாமவர். இம்மூன்றனுள் ஒன்றேனும் ஒருவரைச் சிறந்த நிரலாசிரியர் ஆக்காது என்பது எம் துணிபு. நிகண்டு முழுவதையும் நெட்டுருச் செய்தோர் அனைவரும் கம்பராகிவிடவில்லை; விரைந்தெழுதிய ஏட்டெழுத்தாளர் பலர் பிழைமலிந்த படிகளையே நமக்கு விட்டுச் சென்றனர். எழுதத் தொடங்குமுன் சிக்கலை எவ்விடத்து எவ்வாறு நிறுத்திக்கொள்வது என்று காணும் கண்ணும், எழுதி முடித்தபின் தன்னையே முதற்கண் ஐயுறும் மனமுமே அவரைப் பிறரினின்று பிரித்துக் காட்டுவன. இவற்றிற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. உதகையிலேயே உள.

அச்சான்றுகளைக் காணுமுன், பொறியின் இயல்பு பற்றி ஒருசொல். அடுப்பின்மேல் பாலை வைத்துவிட்டு, "பாலைப் பார்த்துக்கொள்" என்று தாய் சொல்லிப் போகின்றாள். பால் பொங்கி வழிகின்றது. "பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்" என்கின்றது குழந்தை. கணிப்பொறி அக்குழந்தையை ஒக்கும். ஆனால் அடி வாங்கியும் திருந்தாத குழந்தை. அறிவுடைய வாசகன் ஆசிரியன் விட்ட இடத்தை உய்த்துணர்ந்து நிரப்புவான். பொறி நிரப்பாது. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தே நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை வகுத்தார். அவற்றுள் மயங்க வைத்தலும், குன்றக் கூறலும், மாறுகொளக் கூறலும் மனிதர் படிக்கும் நூலில் குறையாய் நின்றுவிடும். நிரலிலோ அவை கேடாய் முடியும். எனவே சூத்திரம் செய்தார்க்கு வேண்டிய சொற்செட்டும் தெளிவும் நிரல் செய்வார்க்கும் இன்றியமையாதன. தமிழ் மாணவர் இத்துறைக்கு அயலார் அல்லர் என்பதற்கு இஃதொரு காரணம். வேறொன்றும் உண்டு, அதனைப் பின்னர்க் கூறுவாம்.

இனி உதகைச் சான்றுக்கு வருவாம். உதகையை அடுத்த முத்தொரையில், ஒரு மலைச்சரிவின்மேல், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய ரேடியோத் தொலைநோக்கி ஒன்று கிடக்கின்றது. 'நிற்கின்றது' என்னாது 'கிடக்கின்றது' என்றது வேண்டுமென்றே. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த கோவிந்த் சுவரூப் என்னும் அறிஞர் (1929–2020) தம் குழுவினருடன் வகுத்து, 1970-இல் இயங்கச் செய்தது அது. வானத்து மிகத்தொலைவிலுள்ள பொருள்களினின்று வரும் ரேடியோ அலைகளை ஏற்பது அதன் தொழில்.

நிரல் பற்றிய கட்டுரையில் தொலைநோக்கிக்கு என்ன இயைபு எனின், கூறுதும். புவி தன்னைத்தானே சுற்றுதலின் விண்பொருள்கள் கிழக்கினின்று மேற்கே நகர்வனபோற் காண்கின்றன. அவற்றுள் ஒன்றனை மணிக்கணக்கில் தொடர்ந்து நோக்கவேண்டின், நோக்கியும் நகர்தல் வேண்டும். சமநிலத்தில் நிறுத்திய நோக்கியை மேல்கீழாக ஒரு முறையும் பக்கவாட்டில் ஒரு முறையும் ஆக இருவகையில் ஒருங்கே திருப்பவேண்டும். அவ்விரு திருப்பங்களின் விரைவும் கணந்தோறும் மாறிக்கொண்டே யிருக்கும். இத்துணைப் பெரிய நோக்கியை அங்ஙனம் ஆட்டுதல் அரிது. ஆட்டினும் பெரும்பொருட் செலவு. ஆனால் நோக்கியின் அச்சு புவியின் அச்சிற்கு இணையாகக் கிடக்குமாயின், ஒரே திருப்பம் போதும். அதுவும் மாறா விரைவினது. அச்சினை அங்ஙனம் சாய்க்கவேண்டிய அளவு அவ்வூரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகையும் 23 கலையும் ஆகும். ஆகவே அவர்கள் வடக்கு தெற்காக ஏறத்தாழ 11 பாகை சரிந்த மலையொன்றைத் தென்னாட்டு மலைகளிடையே தேடினர். முத்தொரையில் அஃது அகப்பட்டது.

தேடியவர் பெற்ற பயனை எண்ணிப் பாருங்கள். பிறர் பொறியாலும் கணக்காலும் தீர்க்கவேண்டிய சிக்கலின் பெரும்பகுதியை அவர் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தே தீர்த்துவிட்டார். சிக்கலை வென்றார் என்பதினும், சிக்கல் எழாத இடத்தில் வீடு கட்டினார் என்பது பொருந்தும். இன்று அந்நோக்கி ஒரு பொருளை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து நோக்க வல்லது. வடதென் திசையில் திருப்புதற்கு அதனை அசைப்பதேயில்லை. குவியக்கோட்டில் வரிசையாக நிற்கும் 1056 இருமுனை ஏற்பிகளின் அலைகளைத் தக்கவாறு முன்பின்னாக இணைத்தே பார்வையைத் திருப்பிவிடுகின்றனர்.

சிறந்த நிரலாசிரியர் முதற்கண் செய்வதும் இதுவே. தரவுகளை எவ்வமைப்பில் வைத்தால் பின்வரும் வேலை எளிதாகும் என்பதனை, ஒருவரியும் எழுதாது, நெடும்பொழுது எண்ணிக்கொண்டிருப்பர். காண்போர்க்கு அவர் சும்மா இருப்பதாகத் தோன்றும்.

நம் மலைக்குரிய எடுத்துக்காட்டு ஒன்று கூறுவாம். நீலகிரியில் சிறு விவசாயிகள் தாம் பறித்த பசுந்தேயிலையைத் தொழிற்சாலைகட்கு விற்கின்றனர். இலையை நாடோறும் எடைபோட்டுக் கொடுப்பர். ஆயின் அதற்குரிய விலை அன்றே முடிவாவதன்று. அம்மாதத்து ஏல விற்பனைச் சராசரியை ஒட்டி, மாத முடிவிலேயே விலை தெரியவரும். இக்கணக்கிற்கு ஒருவர் நிரலெழுதப் புகுந்து, நாடோறும் இன்னார்க்கு இத்துணை ரூபாய் என்று குறித்து வைப்பாராயின், மாத முடிவில் விலை மாறியவுடன் ஆயிரக்கணக்கான குறிப்புகளைத் திருத்தவேண்டும். திருத்தும்போது சில விடுபடும்; சில இருமுறை திருத்தப்படும். ஏழை விவசாயி ஒருவர்க்குப் பணம் குறையும். ஏன் குறைந்தது என்பதனை எழுத்தராலும் சொல்ல இயலாது. மற்றொருவர், எடையை மட்டும் நாடோறும் குறித்து, விலையைத் தனியே ஓரிடத்தில் ஒருமுறை எழுதி வைக்கின்றார். விலை மாறினால் அவர் திருத்துவது ஓர் எண். இருவர்க்கும் நிரல்மொழி ஒன்றே. விரல் விரைவும் ஒன்றே. ஒருவர் சமநிலத்தில் கட்டினார். மற்றவர் சரிவைத் தேடினார்.

முத்தொரை நோக்கியில் இன்னும் ஒரு பாடம் உண்டு. அதன் பரப்பு உலோகத் தகடன்று. நீளவாட்டில் இழுத்துக் கட்டிய மெல்லிய எஃகுக் கம்பிகள் 1100. அவற்றை 24 பரவளைவுச் சட்டங்கள் தாங்குகின்றன. அது வாங்கும் அலையின் நீளம் ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் ஆகலின், அதனினும் மிகச்சிறிய இடைவெளிகள் அவ்வலைக்குத் தெரியா; கம்பி வரிசை தகடுபோலவே எதிரொலிக்கும். காற்றோ இடைவெளி வழியே போய்விடும். வேண்டிய அளவே செய்து வேண்டாததை விடும் இத்துணிவு எளிதில் வருவதன்று. ஆப்பிள் நிறுவனத்தில் 1982-இல், வாரந்தோறும் எத்தனை வரி எழுதினீர் என்று நிரலர்களை மேலாளர் கேட்கத் தொடங்கினராம். பில் அட்கின்சன் என்பார் அவ்வாரம் ஒரு பகுதியைப் புதுக்கி முன்னினும் விரைவாக்கியிருந்தார். அதனால் வரிகள் குறைந்துபோயின. படிவத்தில் அவர் '−2000' என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டனர். பக்கக் கணக்கில் மதிப்பெண் எதிர்பார்க்கும் எம்மனோர்க்கும் இக்கதை தகும்.

இனி ஐயுறுதல் பற்றி. இதற்கும் உதகையே சான்று தருகின்றது. அங்கே கிரேப்ஸ்-3 என்னும் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் உள்ளது. விண்ணினின்று வரும் கதிர்கள் காற்றுமண்டலத்தின் மேற்பகுதியில் மோதுதலால் மியூவான் என்னும் நுண்துகள்கள் பிறந்து மண்ணை நோக்கிப் பாய்கின்றன. அவற்றை எண்ணுதற்கு 560 சதுர மீட்டர்ப் பரப்பில் 3712 எண்ணிக்குழாய்கள் அங்கே அடுக்கப்பட்டுள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி மியூவான்களை அவை எண்ணுகின்றன. இத்துணைப் பெரிய எண்ணைக் கையாற் கூட்டுவார் யார்? எல்லாம் நிரலே.

இவ்வெண்ணிக்கை ஒருநாள் சற்றே குறைந்தது என்று கொள்வோம். விண்ணில் ஏதோ நிகழ்ந்தது என்று உடனே துள்ளிக் குதிக்கலாமா? ஆகாது. வெப்பநாடுகளில் காற்றின் அழுத்தம் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்குகின்றது. அழுத்தம் ஏறினால் தலைக்குமேலுள்ள காற்று மிகும், மியூவான்கள் குறையும். மேற்காற்றின் வெப்பமும் பருவந்தோறும் மாறி எண்ணிக்கையை மாற்றும். எண்ணிக்குழாய்களின் திறனும் காலப்போக்கில் வேறுபடும். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அளந்து கழித்தபின் எஞ்சுவதே விண்ணின் செய்தி. அங்குள்ளோர் அழுத்தத்தின் பங்கினையும் வெப்பத்தின் பங்கினையும் பிரித்தெடுத்தலையே தனித்தனி ஆராய்ச்சிக் கட்டுரைகளாக வெளியிட்டுள்ளனர். பிறர் ஓர் அடிக்குறிப்பாக விட்டுவிடக்கூடிய பொருளுக்கு அவர் அளித்த மதிப்பினைப் பாருங்கள்.

அவ்வுழைப்பு வீண்போகவில்லை. 2014-ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் உதகைமேல் ஓர் இடிமேகம் கடந்தது. அப்போது 18 நிமிட நேரம் மியூவான் எண்ணிக்கை 100-க்கு 2 அளவே குறைந்தது. 2011 ஏப்ரல் முதல் அதுகாறும் வந்த 184 இடிமழைகளையும் ஆராய்ந்து, மேகத்துள் எத்துணை மின்னழுத்தம் இருந்தால் இக்குறைவு நேரும் என்பதனைக் கணிப்பொறிப் போலியாக்கங்களால் கணக்கிட்டு, ஏறத்தாழ 130 கோடி வோல்ட் என்று கண்டனர். இடிமேகத்தில் நூறு கோடி வோல்ட் இருத்தல் கூடும் என்று 1920-களில் வில்சன் என்னும் அறிஞர் மதித்திருந்ததற்கு இது சான்றாயிற்று. கட்டுரை வெளிவந்தது 2019 மார்ச்சில். நிகழ்ச்சி 18 நிமிடம். அதனை நம்புதற்குச் சென்றது நான்காண்டிற்கு மேல். விடுதித் தோழர் புகழும் விரல் விரைவுக்கு இங்கு இடம் யாது?

தன்னை ஐயுறுதல் பெரிய ஆராய்ச்சிக்கு மட்டும் உரியது, சிறுநிரலுக்கு வேண்டா என்பாரும் உளர். அவர் பொருட்டு மிகச்சிறிய நிரல் ஒன்றனை எடுத்துக்கொள்வாம். 1862-இல் சென்னையில் வெளிவந்த வின்சுலோவின் தமிழகராதியில் ஏறத்தாழ 67,000 சொற்கள் உள. அவற்றுள் ஒரு சொல்லைத் தேடுவார் முதற்பக்கத்தினின்று புரட்டுவதில்லை, நடுவே திறப்பர். தேடுஞ்சொல் முன்னுள்ளதா பின்னுள்ளதா என்று கண்டு, அப்பாதியின் நடுவே மீண்டும் திறப்பர். இங்ஙனம் பாதி பாதியாகக் குறைத்தால் 17 முறைக்குள் எச்சொல்லும் அகப்படும். குழந்தையும் அறியும் இம்முறையைக் கணிப்பொறிக்கென 1946-லேயே வெளியிட்டனர். ஆயின் பட்டியலின் அளவு எதுவாயினும் பிழையாது இயங்கும் வடிவம் அச்சேறியது 1960-ஐ ஒட்டியே. ஜான் பென்ட்லி என்னும் ஆசிரியர், தொழில்முறை நிரலர்க்கு இதனை எழுதப் பணித்து இரண்டு மணி நேரம் கொடுத்துப் பார்த்தார். பத்தில் ஒன்பதின்மர் நிரல்களில் பிழை இருந்தது.

கதை இன்னும் முடியவில்லை. ஜாவா என்னும் நிரல்மொழியோடு உலகெங்கும் வழங்கிய இதே தேடுநிரலில் பிழை உள்ளதென, அதனை எழுதிய ஜோஷுவா பிளாக் என்பாரே 2006-இல் வெளிப்படையாக எழுதினார். அவர் பென்ட்லியின் விரிவுரையைக் கேட்டவர் என்பது இதிலுள்ள சுவை. நடுவிடம் காண்பதற்கு முதலெண்ணையும் ஈற்றெண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்பது வழக்கம். கூட்டுத்தொகை 2,14,74,83,647-ஐக் கடந்தால், அப்பொறியில் அவ்வெண்ணுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பி வழிந்து, தொகை எதிர்மறை எண்ணாகிவிடும். அத்துணைப் பெரிய பட்டியலை முற்காலத்தில் எவரும் வைத்திருந்ததில்லை. ஆகவே ஏறத்தாழ ஒன்பதாண்டு அப்பிழை உறங்கிக் கிடந்தது.

பிழைகள் பெரும்பாலும் நடுவில் வாழ்வதில்லை, எல்லையிலேயே வாழ்கின்றன. பட்டியலில் ஒன்றுமே இல்லாவிடின்? ஒன்றே இருப்பின்? தேடுவது ஈற்றிலிருப்பின்? அளவு கற்பனைக்கு மேற்படின்? இவ்வினாக்களைத் தம் நிரலிடம் பகைவர்போல் நின்று கேட்டல் சிறந்தோர் வழக்கம். 1996 சூன் 4-ஆம் நாள் ஐரோப்பியரின் ஏரியன்-5 என்னும் ஏவூர்தி, புறப்பட்ட ஒரு நிமிடத்திற்குள் சிதறியது. முந்தைய ஏரியன்-4-இல் பிழையின்றி நடந்த நிரற்பகுதியை அப்படியே எடுத்தாண்டனர். புதிய ஊர்தியின் கிடைவிரைவு மிகுதியாதலின், 32,767-க்கு மேற்படாத எண்களையே கொள்ளும் இடத்தில் அது அடங்கவில்லை. பழைய சட்டை புதிய பிள்ளைக்குப் பொருந்துமா என்று எவரும் அளந்து பார்க்கவில்லை.

தமிழ் மாணவர் இத்துறைக்கு அயலார் அல்லர் என்பதற்கு மற்றொரு காரணம் உண்டென முன்னர்க் கூறினோம். அஃது இது. 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று முதல் வகுப்புச் சிறுவனும் கூறுவான். பல நிரல்மொழிகளில் வாளா வினவினால் கணிப்பொறி 'ஐந்து' என்று விடை தரும். யூனிகோடு முறையில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகளாக அச்சொல் அடுக்கப்பட்டிருத்தலே இதற்குக் காரணம். பொறி குறிகளை எண்ணுகின்றது; நாமோ எழுத்துகளை எண்ணுகின்றோம். இது தெரியாதவர் தமிழ்ச்சொல்லைத் தலைகீழாக்கும் நிரல் எழுதினால், புள்ளி முன்னும் மெய் பின்னுமாகிச் சொல் சிதையும். செய்யுளின் அசை பிரிக்கும் நிரல் எழுதினாலோ, குறிலும் நெடிலும் ஒற்றும் அறியாமல் ஓரடியும் நகர இயலாது. கணிப்பொறியை மட்டும் அறிந்தவர் இங்கே நின்றுவிடுவர். எழுத்தியல் கற்றவர் வழி காண்பர். எப்பொருளுக்கு நிரல் எழுதுகின்றாரோ அப்பொருளை அறிதல் நிரலாசிரியர்க்கு முதற்கடமை. தமிழைக் கணிப்பொறிக்குக் கொணர்ந்தோரை நோக்கின் இவ்வுண்மை புலனாகும். மலேசியாவில் முரசு மென்பொருள் செய்த முத்து நெடுமாறன், சிங்கப்பூரில் உழைத்த நா. கோவிந்தசாமி, சுவிட்சர்லாந்திலிருந்து 1998-இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்வடிவிற் சேர்த்த கு. கல்யாணசுந்தரம் ஆகியோரை நாம் அறிவோம். கல்யாணசுந்தரம் வேதியியலறிஞர், கோவிந்தசாமி சிறுகதையாசிரியர்.

பிறர் எழுதிய நிரலைப் படித்தல் பற்றியும் சிறிது கூறவேண்டும். நம் வகுப்பிற்கு இஃது உவப்பான பகுதி. நிரலாசிரியர் எழுதுவதினும் மிகுதியாகப் படிக்கின்றனர். முன்னொருவர் எழுதிவைத்துச் சென்ற நிரல், உரையில்லாச் சூத்திரம்போல், நள்ளிரவில் ஒருவர் கையில் வந்து சேரும். எழுதியவர் ஏன் இங்ஙனம் எழுதினார் என்று உய்த்துணர்தலே வேலை. தொல்காப்பியத்தில் ஒரே சூத்திரத்திற்கு இளம்பூரணர் ஒன்று கூற, சேனாவரையர் அதனை மறுக்க, நச்சினார்க்கினியர் வேறு கூறுவதனைப் படித்துப் பழகியவர்க்கு இவ்வேலை புதிதன்று. நல்ல நிரலர் தம் நிரலுக்குத் தாமே உரையும் எழுதிவைப்பர். 'இவ்வெண்ணை இரண்டாற் பெருக்குகின்றோம்' என்று கண்டதையே கூறும் உரையன்று, 'ஏன் பெருக்குகின்றோம்' என்னும் உரை. பெயரிடுதலிலும் அவர் கருமிகள் அல்லர். எடைக்கு 'எடை' என்றும் விலைக்கு 'விலை' என்றும் பெயரிடுவர். க, ங, ச என்று பெயரிட்டு வருவோரை அலைக்கழியார்.

பாடவேறுபாடும் ஈண்டு நினைவுக்கு வருகின்றது. உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஏடுகளை ஒப்புநோக்கி எவ்வேட்டில் எப்பாடம் உள்ளது என்று ஆராயவேண்டியிருந்தது. ஒரே நிரலைப் பலர் ஒருங்கே திருத்தும்போதும் அதே தொல்லை எழுகின்றது. யார், எந்நாள், எவ்வரியை, எக்காரணத்தால் மாற்றினார் என்பதனைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்னும் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் செய்தார். ஏட்டெழுத்தாளர் கையில் அத்தகைய கருவி இருந்திருப்பின் ஐயரவர்களின் கண்கள் சிறிது இளைப்பாறியிருக்கும்.

பழக்கங்களுள் எமக்கு மிகவும் பிடித்தது டொனால்ட் நுத் என்னும் பேராசிரியருடையது. நூல்களை அழகுற அச்சுக்கோக்கும் டெக் என்னும் நிரலை எழுதிய அவர், 1978 முதல் அதிற் கண்ட பிழைகள் அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதிவந்தார். 1989-இல் அப்பட்டியலைக் கட்டுரையாக்கி உலகறிய வெளியிட்டார். பிறர் தம் நூல்களிற் பிழை கண்டு காட்டினால் ஒவ்வொன்றிற்கும் 2 டாலர் 56 சென்ட் பரிசளிப்பதும் அவர் வழக்கமாயிருந்தது. 256 சென்ட் என்பது கணிப்பொறியார் கையாளும் பதினாறடி எண்முறையில் ஒரு முழு டாலராம். அவர் அனுப்பிய காசோலைகளைப் பலர் வங்கிக்குக் கொண்டுபோகாமல் சட்டமிட்டு மாட்டிக்கொண்டனர்.

இரவெல்லாம் விழித்திருத்தல் பற்றி யாம் மிகுதியாகக் கூறப் போவதில்லை. உறக்கமிழந்தவர் எழுதியதனைப் பகலில் அவரே திருத்துகின்றார். கணக்கிற் பார்த்தால் பொழுது மிஞ்சுவதில்லை.

இப்போது எழும் ஒரு வினாவுக்கு விடை கூறி அமைவாம். 2022-ஆம் ஆண்டின் இறுதிமுதல், செயற்கை அறிவுப்பொறிகள் கேட்டவுடன் நிரல் எழுதித் தருகின்றன. இனி நிரலாசிரியர் எதற்கு, தோட்டத்துப் பெற்றோர் பொருள் செலவிடுவது எதற்கு என்று கேட்கின்றனர். ஏழு மொழி தெரிந்த பெருமையும் விரல் விரைவின் பெருமையும் இவற்றாற் குறைந்துபோயின என்பது மெய்யே. ஆனால் எதனைக் கேட்பது என்பதும், வந்த விடை எல்லையிலும் நிற்குமா என்று சோதிப்பதும் கேட்பவர் தலையிலேயே உள்ளன. பசுந்தேயிலைக் கணக்கையே மீண்டும் பாருங்கள். மழைநாளில் ஈர இலைக்கு எத்துணை எடை கழிப்பர்? ஓரூரில் ஒரே பெயருடையார் இருவர் இருப்பின் எவ்வாறு பிரிப்பர்? நிலத்துக்குரியவர் மாத நடுவில் இறந்தால், அவர் வாங்கிய முன்பணம் யார் கணக்கிற் செல்லும்? இரு தொழிற்சாலைகட்கு மாறிமாறி இலை கொடுப்பவர்க்கு என் செய்வர்? குந்தாப் பக்கத்து மாணவத்தோழர் ஒருவர், தம் ஊர் எடைக்கூடத்திற்கு நிரலெழுத எண்ணி, இத்தகைய வினாக்களை ஒரு தாளில் தொகுத்தார். பதினேழு ஆயின. அவற்றுள் நான்கிற்கு அங்கிருந்த எழுத்தர் இருவரும் வெவ்வேறு விடை கூறினர். தோழர் இன்னும் ஒருவரியும் எழுதவில்லை. அந்நான்கினையும் கேட்டறிய அடுத்த சனிக்கிழமை மீண்டும் அங்கே போகின்றார்.